மூழ்கிய துறைகளும் மிதக்கும் பெருமைகளும்

யாழ்ப்பாணத்துக் கடலோரத்தைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் இரண்டு வாக்கியங்களை நான் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். "உரோமர் காலத்திலேயே இங்கே பெருந்துறைமுகம் இருந்தது, அது கடலுக்குள் போய்விட்டது" என்பது ஒன்று. "அராபியர் அன்றைக்கே வந்து இறங்கினார்கள், ஆகவே நாங்கள் அன்றைக்கே இந்த மண்ணில் இருந்தோம்" என்பது மற்றது. முதலாவது தமிழ்ச் சகோதரர்களின் ஏடுகளில் கூடுதலாக வரும். இரண்டாவது எங்கட ஏடுகளில். ஆதாரம் எங்கே என்று கேட்டால் இரண்டு தரப்பும் ஒரே பதிலைத்தான் சொல்லும்: கடல் கொண்டுபோச்சு.

கடல் கொண்டுபோனது என்பது ஒரு வரலாற்றுச் செய்தியாகவும் இருக்கலாம், கேள்வியை மூடுகிற ஒரு கதவாகவும் இருக்கலாம். எது எப்போது எப்படி என்று பிரித்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி. இந்தக் கட்டுரையில் சில அகழ்வுகளையும் சில நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யாழ்ப்பாணத்துத் துறைகளைப் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பார்க்கிறேன். எங்கட எழுத்தாளர்களுக்குச் சில இடத்தில் கசக்கும். ஆனாலும் உள்ளுக்குள்ளே பேசவேண்டிய பேச்சு இது.

1

"மூழ்கிய உரோமத் துறைமுகம்" என்ற சொல்லே எங்களுக்கு மத்தியதரைக் கடலில் இருந்து வந்தது. அதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பலஸ்தீனக் கடற்கரையில் உள்ள கைசாரிய்யா. கிமு 22 அளவில் ஏரோது மன்னன் அங்கே வேலையைத் தொடங்கினான். இயற்கையான குடா இல்லாத திறந்த கடற்கரை அது. அலையைத் தடுக்கக் கடலுக்குள்ளேயே அணை கட்டவேண்டி இருந்தது. அதற்கு நீருக்கடியில் இறுகுகிற ஒரு வகைச் சாந்து பயன்பட்டது. அந்தச் சாந்தின் உயிரான எரிமலைச் சாம்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் குடாப் பக்கத்திலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது. மரப்பெட்டிகளைக் கடலில் இறக்கி, அதற்குள் சாந்தையும் கல்லையும் கொட்டி எழுப்பினார்கள். சில நூற்றாண்டுக்குள் அந்த அணைகள் அமிழ்ந்தன. நிலநடுக்கமா, ஆழிப்பேரலையா, அடியில் இருந்த மணல் தாங்காமல் இறங்கியதா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். 1960இலிருந்து பல குழுக்கள் அங்கே மூழ்கி ஆய்வு செய்திருக்கின்றன.

அதாவது அங்கே மூழ்குவதற்கு ஒரு கட்டடம் இருந்தது. இந்தச் சின்ன விஷயத்தை நாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கைசாரிய்யாவில் எங்கட வாசகர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. 2015 பெப்ரவரியில் அதே துறையின் அடியில் பொழுதுபோக்காக மூழ்கியவர்கள் கிட்டத்தட்ட 2000 பொற்காசுகளைக் கண்டெடுத்தார்கள். உரோமக் காசு இல்லை, ஃபாத்திமிய கலீஃபாக்களின் தீனார்கள். பெரும்பாலானவை அல்ஹாக்கிம், அவர் மகன் அள்ளாஹிர் ஆகியோரின் காலத்தவை, அதாவது 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஏரோதின் துறை அமிழ்ந்து பல நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த இடத்தில் கப்பல் வந்தது, காசு வந்தது, முஸ்லிம் ஆட்சியில் வணிகம் நடந்தது. இருந்தும் உலகம் அதை "உரோமத் துறைமுகம்" என்றுதான் அழைக்கிறது. அதன் கரையிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குடியேறிய பொஸ்னிய முஸ்லிம்களின் கிராமம் ஒன்று இருந்தது. 1948 பெப்ரவரியில் அது வெறுமையாக்கப்பட்டது. கடலுக்கடியில் இருந்த கல்லுக்கெல்லாம் வரைபடம் போட்டாயிற்று. கரையில் நேற்றுவரை இருந்த ஊரைப் பற்றி அறிய வேறு நூல்களைத் தேடவேண்டி இருக்கிறது.

ஓர் இடத்துக்கு எந்தக் காலத்தின் பெயரைச் சூட்டுகிறோம் என்பதிலேயே ஓர் அரசியல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கடலைப் பற்றிப் பேசும்போதும் "உரோம" என்ற சொல்லுக்கு நாங்கள் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறோம் என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

2

யாழ்ப்பாணத்தில் உரோமத் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் வெளியிட்ட கட்டுரைகளில் கந்தரோடையில் கிடைத்த உரோமக் காசுகளையும் கண்ணுக்கு மையிடும் செப்புக் குச்சிகளையும் பற்றி எழுதினார். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் அங்கே அகழ்ந்து, குடாநாட்டு மக்கள் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே இந்தியக் கரையோடு நெருங்கிப் புழங்கியதற்கான சான்றுகளை வெளிக்கொணர்ந்தார்கள். பிறகு பொ. இரகுபதி கிராமம் கிராமமாக நடந்து, மேற்பரப்பில் கிடந்த ஓட்டையும் மண்மேட்டையும் பதிவு செய்து, 1987இல் யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். யுத்தம் கதவைத் தட்டிய நேரத்தில் வந்த நூல். அதற்குப் பிறகு அந்த இடங்களில் பலவற்றுக்கு யாரும் போகமுடியாத காலம் வந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே நாங்கள் எல்லாரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். நிலத்தில் எது கிடந்ததோ அதை எழுதினார், கிடைக்காததை எழுதவில்லை. நூலின் பெருமையே அதுதான்.

ஆனால் இந்த ஆய்வுகளை வைத்துப் பிறகு எழுதியவர்களிடம் ஒரு வழுக்கல் இருக்கிறது. "ரௌலட்டட்" என்ற மட்பாண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் உள்பக்கத்தில் பல்சக்கரம் உருட்டியதுபோல வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு போட்ட மெல்லிய பாத்திரம் அது. 1945இல் மோர்டிமர் வீலர் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, அதை உரோம உலகத்தோடு இணைத்துப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த ஓட்டுத்துண்டு எங்கே கிடைத்தாலும் "உரோமப் பானை" என்று எழுதுவது வழக்கமாகிப் போச்சு. பின்னாளில் விமலா பெக்லி அரிக்கமேட்டுச் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, அது இந்திய உற்பத்தி என்று காட்டினார். கந்தரோடை அகழ்வோடு தொடர்புபட்டவரும் அவர்தான். களிமண்ணைப் பகுத்துப் பார்த்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஆனால் எங்கட பத்திரிகைக் கட்டுரைகளில் அது இன்னும் உரோமக் குடியுரிமையோடுதான் திரிகிறது.

இதில் இழப்பு யாருக்கு? கங்கைச் சமவெளியிலிருந்து தமிழகக் கரை வழியாக இலங்கைக்கும், அங்கிருந்து தென்கிழக்காசியாவுக்கும் போன ஒரு பெரிய உள்ளூர் வணிக உலகத்தின் அடையாளம் அந்தத் தட்டு. எங்கட கடல்காரர்களின் கைப்பட்ட பொருளை எடுத்து உரோமனுக்குக் கொடுத்துவிட்டு, உரோமன் எங்களிடம் வந்தான் என்று பெருமைப்படுகிறோம்.

3

இனி மூழ்குதல். தமிழ் நாட்டில் இந்தப் பேச்சின் தலைநகர் பூம்புகார். கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1980களிலிருந்து அங்கே கடலாய்வு செய்தது. 1991இல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீற்றர் தள்ளி, 23 மீற்றர் ஆழத்தில் குதிரைலாட வடிவில் ஒரு அமைப்பைக் கண்டார்கள். 2001இல் கிரஹாம் ஹான்கொக் என்ற ஆங்கில எழுத்தாளர் அங்கே மூழ்கி, அதைப் பனியுகக் காலத்து நகரம் என்று உலகுக்கு அறிவித்தார். கணக்கை மட்டும் பாருங்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 வருஷத்துக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றரளவு தாழ்ந்து கிடந்தது. பிறகு படிப்படியாக உயர்ந்து, சுமார் 6000, 7000 வருஷத்துக்கு முன்பே இன்றைய மட்டத்தை அண்மித்துவிட்டது. கடல்மட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 23 மீற்றர் ஆழத்தில் உள்ள இடம் நிலமாக இருந்தது பல்லாயிரம் வருஷத்துக்கு முன். சங்க காலப் புகாருக்கு வயது 2000 சொச்சம். ஒரே கல்லை இரண்டு காலத்துக்கும் சாட்சியாக நிறுத்த முடியாது. ஆனாலும் அந்தக் கட்டுரைகளில் இரண்டும் ஒன்றாகவே நிற்கின்றன.

உண்மையான படகுத்துறை வேறிடத்தில் கிடைத்திருந்தது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் ஒரு செங்கல் மேடையையும், படகு கட்டுவதற்கு நட்ட மரக்கம்பங்களையும் தோண்டி எடுத்தது. கிமு 3ஆம் நூற்றாண்டளவில் கட்டியது. அது கடலுக்குள் இல்லை. தரையில், மண்ணுக்கடியில் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் அதை மூடியிருந்தது.

மன்னாரின் மாந்தையும் அப்படித்தான். மாதோட்டம் என்று பாடல் பெற்ற தலம், பாளி நூல்களில் மகாதித்த. ஒரு காலத்தில் இந்து சமுத்திரத்தின் பெரிய சந்தி, இன்று கரைவிட்டு ஒதுங்கிய மண்மேடு. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல், சிரான் தெரணியகல, அலன் கிரஹாம் ஆகியோர் அங்கே அகழ்ந்தார்கள். இறுதி அறிக்கை வெளிவந்தது 2013இல். இடையில் கிடந்த 29 வருஷமும் எப்படிப் போனது என்று வடக்கு வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீனப் பாண்டமும், ஆதி இஸ்லாமியக் காலத்து மேற்காசியப் பாண்டமும் ஒரே குழியில் கிடைத்த இடம் அது. பின்னர் நடந்த அகழ்வில் கிடைத்த தானியங்களுக்கிடையே ஒரு கராம்பும் இருந்தது. கராம்பு அன்றைக்கு விளைந்தது மொலுக்காத் தீவுகளில் மட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கிருந்து ஒரு மொட்டு மாந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்குப் பத்து மாளிகைச் சுவரைவிட அந்த ஒரு கராம்பு பெரிது.

எங்கட கரையில் துறைகள் பெரும்பாலும் தூர்ந்தனவே தவிர மூழ்கவில்லை. பாக்கு நீரிணை ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 15 மீற்றருக்குள்தான். பெரிய கப்பல் தள்ளி நங்கூரம் போடும், வள்ளமும் தோணியும் போய்ச் சாமான் இறக்கும். இதற்கு ஏரோதின் அணை தேவையில்லை. ஒரு காற்றொதுக்கும், வழி தெரிந்த ஓட்டியும், கரையில் ஒரு பண்டகசாலையும் போதும். அப்படியான துறையில் சுவரைத் தேடி மூழ்கினால் வெறுங்கையோடுதான் மேலே வரவேண்டும். தேடவேண்டியது வேறு: உடைந்த கப்பல், அறுந்த நங்கூரக் கல், பாரத்துக்குப் போட்ட கல், கொட்டுப்பட்ட பாண்டம்.

4

அப்படித் தேடுவதற்கு யாழ்ப்பாணக் கடலில் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. எழுத்திலேயே இருக்கிறது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு அது. முதலாம் பராக்கிரமபாகு 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்டவன். அவன் கட்டளையைத் தமிழில் வெட்டியிருக்கிறார்கள். கா. இந்திரபாலா 1960களின் தொடக்கத்தில் அதை வாசித்து வெளியிட்டார். கல்வெட்டின் சாரம் இது: பரதேசிகள் ஊறாத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். யானை, குதிரை கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் செப்பாதி பண்டாரத்துக்கு, செப்பாதி உடையவனுக்கு. ஊறாத்துறை என்றது இன்றைய ஊர்காவற்றுறையை.

இதை நான் எத்தனை தடவை வாசித்தாலும் அலுப்பதில்லை. சிங்கள அரசன், தமிழ்க் கட்டளை, வெளிநாட்டு வணிகர், நடுவில் உடைந்த கப்பல். ஒரு அரசன் உடைந்த கப்பலுக்குப் பங்கு விகிதம் போட்டுக் கல்லில் வெட்டுகிறான் என்றால், கப்பல் உடைவது அந்தக் கடலில் அடிக்கடி நடந்த காரியம் என்று எடுக்கலாம். குதிரைக்கும் யானைக்கும் கூடுதல் சலுகை கொடுத்ததிலிருந்து அவனுக்கு எது அவசரம் என்பதும் தெரிகிறது. கரையொதுங்கிய பொருள் முழுவதும் எனக்கே என்று அள்ளிக்கொள்ளும் ஆட்சியாளர்கள் பல கரையிலும் இருந்த காலத்தில் இது ஒரு நியாயமான சட்டம். வணிகனுக்கு நம்பிக்கை கொடுத்துத் தன் துறைக்கு இழுக்கிற தந்திரமும்தான்.

இங்கேதான் எங்கட எழுத்தாளர்களிடம் எனக்குக் குறை. குதிரை என்றால் அரபுநாடு, ஆகவே பரதேசி என்றால் அராபியர், ஆகவே 12ஆம் நூற்றாண்டில் ஊர்காவற்றுறையில் முஸ்லிம் குடியிருப்பு. மூன்று "ஆகவே"யில் வேலை முடிந்துவிடுகிறது. கல்வெட்டில் உள்ள சொல் பரதேசி. அது ஒரு பெரிய குடை. கொல்லத்தில் 849ஆம் ஆண்டில் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் அடியில் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபு எழுத்திலும், பஹ்லவியிலும், ஹீப்ரு எழுத்தில் எழுதிய பாரசீகத்திலும் இருக்கின்றன. அன்றைய மேற்காசிய வணிகக் கூட்டத்தில் முஸ்லிமும் யூதரும் கிறிஸ்தவரும் பார்சிகளும் தோளோடு தோள் நின்றார்கள் என்று அந்தச் செப்பேடு காட்டுகிறது. ஊறாத்துறைப் பரதேசிகளிலும் முஸ்லிம்கள் இருந்திருப்பார்கள் என்று எண்ண நல்ல காரணம் உண்டு. குதிரை வணிகத்தில் அராபிய, பாரசீக முஸ்லிம்களின் பங்கு பெரிது. ஆனால் "இருந்திருப்பார்கள்" என்பதை "இருந்தார்கள்" என்று எழுதும்போது ஒரு எழுத்து மட்டும் மாறுவதில்லை, எங்கட நம்பகத்தன்மையும் மாறுகிறது.

5

அதே தீவின் மறுபக்கம் அல்லைப்பிட்டி. 1977இல் கார்ஸ்வெல்லும் மார்தா பிரிக்கெற்றும் அங்கே கடலோரத்தில் அகழ்ந்து, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணிக்கத்தக்க சீனப் பாண்டங்களை எடுத்தார்கள். வட சொங் வம்சக் காலத்துச் சரக்கு. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகக் குழு வந்து அதே ஊரில் மறுபடி அகழ்ந்து, நூற்றுக்கணக்கான துண்டுகளை எடுத்துக் காலக்கணிப்பை உறுதிப்படுத்தியது.

கார்ஸ்வெல் தன் ஆய்வுக்கு வைத்த தலைப்பு "சீனாவும் இஸ்லாமும்" என்று பொருள்படும். சீனப் பாண்டம் இஸ்லாமிய உலகத்துக்குப் போன வழியில் இந்தியாவும் இலங்கையும் என்ன இடம் வகித்தன என்பதே அவரது கேள்வி. கெய்ரோவின் பழைய நகரான ஃபுஸ்தாத்தின் குப்பைமேடுகளில் சீனப் பாண்டத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. சீனத்துக்கும் ஃபுஸ்தாத்துக்கும் நடுவழியில் அல்லைப்பிட்டி ஒரு புள்ளி. அந்தக் கேள்வியின் அகலத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு விமர்சனம் உண்டு. பீங்கானை முதன்மையாக வைத்து ஒரு கடலைப் பார்க்கும்போது, பீங்கானைச் செய்தவனும் கடைசியில் வாங்கியவனும் தெரிகிறார்கள். நடுவில் தோணியில் ஏற்றி இறக்கினவன் தெரிவதில்லை. சீனாவும் இஸ்லாமும் என்ற இரண்டு பெரிய சொல்லுக்கு இடையில் இருக்கிற அந்த "உம்"தான் யாழ்ப்பாணம். அதைப் பற்றி எழுதவேண்டியது கார்ஸ்வெல்லின் வேலை இல்லை, எங்கட வேலை.

2018 அகழ்வைப் பற்றி வந்த செய்திகளில் "பட்டுப்பாதை" என்ற சொல்லே பெருஞ்சத்தமாக ஒலித்தது. அகழ்வுக்குக் காசு எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையின் பெயர் மண்ணுக்கடியில் கிடக்கிற பொருளுக்கும் ஒட்டிக்கொள்ளும். உரோமப் பெயர் அன்று ஒட்டியதும் அப்படித்தான். இன்னொரு பக்கம், 2017இல் தர்ஹாம் பல்கலைக்கழகமும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து யாழ்ப்பாணக் கோட்டைக்குள் அகழ்ந்து, ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் வருமுன்பே அந்த இடம் கடல் வணிகத்தில் இருந்தது என்பதற்குச் சான்று எடுத்தன. ஐரோப்பியன் கட்டிய சுவருக்குள் ஐரோப்பியனுக்கு முந்திய துறை. கரையிலே இவ்வளவு கிடைக்கிற ஊரில், கடலடியை ஒழுங்காக ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1344இல் இங்கு வந்த இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்கிறார். சோழமண்டலக் கரையில் மன்னரின் கப்பல்களைத் தான் கண்டதாகவும், அவற்றில் சில யெமனுக்குப் புறப்பட நின்றதாகவும் சொல்கிறார். எங்கட கட்டுரைகளில் இந்தப் பகுதி மன்னர் எங்கட ஆலிமுக்குக் கொடுத்த மரியாதையாக மட்டும் வருகிறது. யாழ்ப்பாண அரசு ஒரு கப்பலுடைய அரசு, அதன் கப்பல் யெமன்வரை போனது என்ற செய்தியோ ஓரமாய்க் கிடக்கிறது. அராபியர் இங்கே வந்ததை எண்ணுகிற நாங்கள், இங்கிருந்து போன கப்பல்களை எண்ணுவதில்லை.

6

ஏன் இப்படி ஆனோம்? அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்து, சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் வேறானவர் என்றார். சட்ட நிரூபண சபையில் தனிப் பிரதிநிதித்துவம் பற்றிய பேச்சு நடந்த காலம் அது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதி, அராபிய மூலத்தை நிலைநாட்ட முயன்றார். அன்றைய நிலையில் அந்த மறுப்புத் தேவையாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எங்கட வரலாற்றெழுத்தின் பெரும்பகுதி அந்த வழக்கின் வாதுரையாகவே எழுதப்பட்டு வருகிறது. துறைமுகம் என்றால் அராபியர் இறங்கிய இடம். கல்வெட்டு என்றால் அராபியருக்குச் சாட்சி. வழக்கறிஞனுக்குத் தேவை தன் பக்கச் சான்று மட்டும். ஆராய்ச்சியாளனுக்கு எதிர்ப்பக்கச் சான்றும் வேண்டும்.

வடக்கைப் பொறுத்தவரை இன்னொரு காயமும் சேர்ந்துகொண்டது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்துச் சோனகதெரு இரண்டு மணித்தியாலத்தில் காலியானது. அதற்குப் பிறகு "நாங்கள் இந்த ஊராக்கள்" என்று சொல்வதே நிரூபிக்கவேண்டிய ஒன்றாகிப் போச்சு. அப்படி நிலை வந்தால் 500 வருஷம் போதாது, 1000 வேண்டும். 1000 போதாது, 2000 வேண்டும். அந்த மனநிலை எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அதன் முடிவு எங்கே என்று பார்க்கவேண்டும். ஒரு ஊரில் வாழும் உரிமை முதலில் வந்து இறங்கியவனுக்கு என்று நாங்களே ஒத்துக்கொண்டால், எங்களுக்கு முன்னால் வந்தேன் என்று சொல்ல எப்போதும் ஒருவன் இருப்பான். எங்களை வெளியேற்றிய வாதத்தின் வேரும் அதுதான். ஒரு தலைமுறை பிறந்து, உழைத்து, மையத்தை அடக்கிய மண்ணில் உரிமை கேட்பதற்கு உரோமக் காசு தேவையில்லை.

ஆகவே துறைமுக ஆராய்ச்சியை உரிமை வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது என் வாதம். விடுவித்தால் அது சிறுக்காது, பெருக்கும். யார் முதல் என்ற கேள்வி போய், யார் யாரோடு சேர்ந்து என்ன செய்தார்கள் என்ற கேள்வி வரும்.

7

இதில் அவசரமும் உண்டு. தென்கரையில் கொடவாயக் கப்பல் சிதைவு 2003 அளவில் உள்ளூர் சுழியோடிகளின் கண்ணில்தான் முதலில் பட்டது. 30 மீற்றருக்கும் அதிகமான ஆழம். உள்ளே கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, அம்மிக்கல். 2000 வருஷப் பழமை. இந்து சமுத்திரத்தில் இதுவரை அறியப்பட்ட கப்பல் சிதைவுகளில் மிகப் பழையது அது. பல்கலைக்கழகம் பிறகுதான் வந்தது. காலியில் உருவான கடல்சார் தொல்லியல் பிரிவு 2004 ஆழிப்பேரலையில் தன் கட்டடத்தையும் கருவிகளையும் இழந்தும் திரும்பத் தலையெடுத்தது. நாட்டில் திறமை இருக்கிறது என்பதற்கு இவை சாட்சி.

மற்றப் பக்கம் பெலித்துங். 1998இல் இந்தோனேசியக் கடலில் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பல். பலகையைக் கயிற்றால் தைத்த அராபியப் பாணிக் கட்டுமானம், சுமார் 60,000 சீனப் பாண்டங்கள். எங்கட கட்டுரையாளர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுகிற கப்பல் இது. ஆனால் அதை மேலே எடுத்தது ஒரு வணிகக் கம்பனி. சரக்குக்குக் கொடுத்த அவசரத்தைக் கப்பல் உடலுக்குக் கொடுக்கவில்லை என்று தொல்லியலாளர் கண்டித்தார்கள். 2011இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அந்தக் காரணத்தாலேயே கண்காட்சியை வைக்காமல் விட்டது. பீங்கான் கிடைத்தது. அதை ஓட்டிய மனிதரைப் பற்றி அறிந்திருக்கக்கூடியதில் ஒரு பகுதி போய்விட்டது.

யாழ்ப்பாணக் கடலில் நடப்பது இதைவிடச் சத்தமில்லாத அழிவு. இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது. இலங்கை 2017இல் இழுவைமடிக்குச் சட்டத்தால் தடை போட்டது. ஆனாலும் அக்கரையிலிருந்து வருகிற றோலர்கள் நின்றபாடில்லை. மீனவனின் வயிற்றில் அடிக்கிற அதே பலகை, 900 வருஷம் மணலில் படுத்திருந்த ஒரு நங்கூரத்தையோ சாடியையோ உடைத்துக்கொண்டு போகும். இதை யாரும் ஒரு வரலாற்று இழப்பாக எண்ணுவதில்லை.

சங்கு குளிக்கிற, கடலட்டை பிடிக்கிற ஆட்களோடு நான் பேசியிருக்கிறேன். "ஐயா, அந்தப் பாரடியில வலை பிடிக்கும், கல்லோ மரமோ தெரியாது, நாங்கள் விலத்திப் போயிடுவம்" என்று ஒருவர் சொன்னார். விலத்திப் போகிற இடங்களின் பட்டியல் அவர் தலைக்குள் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழக வரைபடத்திலும் நான் அதைக் காணவில்லை. அவர் மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

8

எங்கட சமூகத்திலிருந்து என்ன செய்யலாம்? மூழ்குவதற்குக் காசும் கருவியும் வேண்டும், அது அரசினதும் பல்கலைக்கழகத்தினதும் வேலை. ஆனால் கரையில் நின்று செய்யக்கூடியது நிறைய. தீவுப்பகுதிக் கடல்காரர் பார்களுக்கும் துறைகளுக்கும் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதலாம். பழைய மையவாடிகளில் மிஞ்சிய மீஸான் கற்களைப் படம் பிடித்து, எழுத்து இருந்தால் படியெடுக்கலாம். கொழும்பில் கிடைத்த ஹிஜ்ரி 337ஆம் ஆண்டுக் கூஃபிக் கல்லறைக் கல் ஒன்றுதான் எத்தனை ஆய்வுக்கு வழி திறந்தது! காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் தோணி விட்ட குடும்பங்களிடம் மிஞ்சியிருக்கக்கூடிய உறுதி, கணக்குக் கொப்பி, கடிதம் என்பவற்றைத் தேடலாம். 1990இல் கையில் கொண்டுபோன ஒரு பையில் வந்து புத்தளத்துப் பெட்டகத்துக்குள் கிடக்கிற கடுதாசிகூட ஒரு தொல்பொருள்தான். அராபியர் இறங்கிய நாளைக் கண்டுபிடிப்பதைவிட இந்தக் கடுதாசியை வாசிப்பது எங்களுக்குக் கிட்டிய கடமை.

எழுதுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கல்வெட்டு "பரதேசி" என்றால் பரதேசி என்றே எழுதுங்கள். அடைப்புக்குறி போட்டு "அராபியர்" என்று சேர்க்காதீர்கள். பானை இந்தியாவில் செய்தது என்றால் அப்படியே எழுதுங்கள். துறை தூர்ந்தது என்றால் மூழ்கியது என்று எழுதாதீர்கள். கறாராக எழுதினால் எங்கட வரலாறு சுருங்கிவிடும் என்று பயப்பட ஒன்றுமில்லை.

பராக்கிரமபாகு உடைந்த கப்பலைப் பங்கு போட்டபோது, உடையவனுக்கு ஒரு பங்கு உண்டு என்று கல்லில் எழுதினான். அந்தக் கடலடியில் கிடப்பதற்கு இன்று உடையவர் பலர். தமிழர், முஸ்லிம், சிங்களவர், அக்கரையார், பெயர் தெரியாத பரதேசிகள். முழுவதும் எனக்கு என்று ஒருவர் அள்ளிக்கொள்ளாமல், அவரவர் பங்கைச் சான்றோடு எழுதிவைத்தால் அதுவே நியாயம்.